சாலையில் கிடந்த சாட்சியம்

சென்னை, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் ஆகிய திசைகளிலிருந்து வருகிற நெடுஞ்சாலைகள் எல்லாம் வந்து கூடுகிற ஊராகத் திருச்சிராப்பள்ளி அமைந்திருப்பதால், இவ்வூர் நீதிமன்றத்தில் வக்கீல் தொழிலை மேற்கொண்டவன் எந்தத் துறையில் பேரெடுக்க எண்ணியிருந்தாலும், மோட்டார் விபத்து வழக்கு அவனைத் தேடி வந்தே தீரும். ஸ்ரீரங்கத்துப் பாகப்பிரிவினை விவகாரங்களிலேயே காலத்தைக் கழித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் எழுபதுகளின் இறுதியில் நான் என் சீனியரிடம் சேர்ந்தேன். ஆனால் கன்டோன்மென்டில் இருந்த அவருடைய ஆபீஸ் திண்ணையில் காலை வேளைகளில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கட்டுப் போட்ட காலோடும், மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடும், சில சமயம் பொட்டழிந்த நெற்றியோடும் வந்தவர்களாகவே இருந்தார்கள். அவர்களுடைய விவகாரமே பிற்பாடு என் ஜீவனமாகவும் ஆயிற்று.

அப்போது அமலில் இருந்தது 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு 1956-இல் செய்யப்பட்ட திருத்தத்தினால்தான் இவ்வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் ஏற்பட்டன. அதற்கு முன்பெல்லாம், குடும்பத் தலைவனைப் பறிகொடுத்தவர்கள் 1855-ஆம் வருஷத்துப் பழைய சட்டமொன்றின் கீழ் சிவில் கோர்ட்டில் தாவா போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. தீர்ப்பாயம் வந்த பிறகும் பெரிய சங்கடம் ஒன்று தீரவில்லை. ஓட்டியவனுடைய அஜாக்கிரதையை நிரூபித்தாலன்றி நஷ்டஈடு கிடையாது என்பதை 1977-இல் சுப்ரீம் கோர்ட் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. விபத்தைக் கண்ணால் கண்டவன் பிணவறையில் கிடக்க, காணாத அவனுடைய மனைவி கூண்டில் ஏறி, லாரி எந்தப் பக்கத்தில் வந்தது, என்ன வேகத்தில் வந்தது என்று நிரூபித்தாக வேண்டும். நிரூபித்தாலும், சரக்கு லாரியாக இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு ஐம்பதினாயிரம் ரூபாயோடு நின்றுவிடும். 1982-க்குப் பிறகு அது ஒன்றரை லட்சம். அந்த வரம்பு அடியோடு நீங்கியது 1988-ஆம் வருஷத்துச் சட்டம், 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பிறகுதான்.

இப்படிப்பட்ட காலத்தில் என் சீனியர் எனக்குக் கற்பித்த முதல் பாடம், கட்சிக்காரர் வந்து கதை சொல்லத் தொடங்கும்போது அவரை முழுவதும் பேசவிட்டு, ஆனால் ஒரு வரியும் குறித்துக்கொள்ளாமல், மறுநாளே விபத்து நடந்த இடத்துக்குப் போய் நின்று பார்க்க வேண்டும் என்பதாகும். ஊரில் பதிவாகும் எஃப்.ஐ.ஆர். அனைத்திலும் ஓட்டுநர் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்ததாகவே எழுதியிருக்கும். அச்சடித்தாற்போல் வருகிற அந்த வாசகத்தைக் கம்பெனி வக்கீலும் மதிப்பதில்லை, நீதிபதியும் மதிப்பதில்லை. வழக்கை நிலைநிறுத்துபவை வேறு மூன்று காகிதங்கள். விபத்து நடந்த சில மணி நேரத்தில் போலீஸார் எழுதுகிற ஸ்தல மகஜரும் அதனோடு இணைந்த ரஃப் ஸ்கெட்சும் ஒன்று. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து எழுதுகிற ரிப்போர்ட் மற்றொன்று. புத்தூர் பெரியாஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது எங்கள் பாஷையில் ஏ.ஆர். காப்பி, மூன்றாவது. இம்மூன்றும் எழுதப்படுகிற நேரத்தில் யாருக்கும் வக்கீல் ஞாபகம் வந்திருப்பதில்லை. அதனாலேயே அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

கரூர் சாலையை அறிந்தவர்களுக்கு, வடபுறம் காவிரியும் தென்புறம் இருப்புப்பாதையும் நெருக்குவதால், அது எவ்வளவு இடுக்கமான சாலை என்பது தெரியும். ஜீயபுரத்துக்கு அப்பால் ஓர் இரவு, நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பஞ்சராகி, பாதி தார் ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நின்றுகொண்டிருந்தபோது, முசிறியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து அதன் பின்புறத்தில் மோதி அங்கேயே உயிர் நீத்தார். நின்ற வண்டியின் மீது மோதியவர் அவரே ஆகையால் எஃப்.ஐ.ஆர். அவர் மீதே பதிவாயிற்று. எதிரி இறந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று போலீஸாரும் கோப்பை முடித்துவிட்டார்கள். அவருடைய தகப்பனார் நான்கு வக்கீல்களைப் பார்த்துவிட்டு, நால்வரும் கையை விரித்த பிறகு எங்களிடம் வந்தார்.

லாரியின் பின்விளக்கு எரியவில்லை என்பது எங்கள் கட்சி. ஆய்வாளருடைய ரிப்போர்ட்டில் வலப்புறப் பின்விளக்கு உடைந்திருப்பதாகக் கண்டிருந்தது. ஆனால் மோதலினால் உடைந்ததாகக் கம்பெனி வக்கீல் வாதித்தால் அதற்கு மறுமொழி சொல்ல இயலாது. என் சீனியர் மகஜரை எடுத்து மேஜை மீது பரப்பி, சம்பவ இடத்தில் கைப்பற்றப்பட்ட பொருள்களின் பட்டியலை விரலால் தொட்டு வாசித்தார்: மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்குக் கண்ணாடித் துண்டுகள், வெள்ளை நிறம், இடக்கால் செருப்பு ஒன்று, உடைந்த கைக்கடிகாரம், ரத்தம் தோய்ந்த மண், சாதாரண மண். சிவப்புத் துண்டு ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. மோதலினால் பின்விளக்கு உடைந்திருந்தால் அதன் சிவப்புச் சில்லுகள் அந்த வெள்ளைச் சில்லுகளோடு கலந்து கிடந்திருக்க வேண்டும். அவை கிடக்கவில்லை என்றால், லாரி அங்கே வந்து நிற்பதற்கு முன்பே அந்த விளக்கு இல்லாதுபோயிருக்க வேண்டும் என்பது தவிர வேறு முடிவுக்கு இடமில்லை. மகஜர் எழுதிய ஏட்டையாவைக் கூண்டில் ஏற்றி, கிடந்தவை அனைத்தையும் எழுதினீர்களா, எதையாவது விட்டீர்களா என்ற கேள்வியை மட்டும் சீனியர் கேட்டார். எல்லாவற்றையும் எழுதினேன் என்று அவர் பெருமிதத்தோடு சொன்னார். அன்று அமாவாசைக்கு மறுநாள் என்பதற்குப் பஞ்சாங்கமே சாட்சியாயிற்று. வண்டியை ஆபத்தான நிலையில் சாலையில் விட்டு வைக்கலாகாது என்ற சட்டப் பிரிவு அதற்கு மேல் வாதத்துக்கு வந்தது. நான்கில் ஒரு பங்கு கவனக்குறைவு ஓட்டி வந்தவர் மீதும், முக்கால் பங்கு லாரி மீதும் வைத்துத் தீர்ப்பாயிற்று. போலீஸார் யார் மீது வழக்குப் பதிந்தார்கள் என்பதைக் கொண்டு குற்றம் யாருடையது என்று முடிவு கட்டலாகாது என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

கிரிமினல் கோர்ட்டில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டால் நஷ்டஈட்டு வழக்கும் போயிற்று என்று இன்றைக்கும் பலர் எண்ணிக் கலங்குகிறார்கள். நம் தமிழ்நாட்டிலிருந்து போன என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில், இருட்டிய பிறகு சென்ற பஸ் ஒன்று தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட, 26 பேர் பாதிக்கப்பட்டு அவர்களில் எட்டுப் பேர் அந்த க்ஷணமே மாண்டார்கள். ஓட்டுநர் கிரிமினல் வழக்கில் விடுதலை பெற்றிருந்தும் அது நஷ்டஈட்டைத் தடுக்காது என்று 1980-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தண்டனைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். நஷ்டஈட்டுக்கு, இப்படித்தான் நடந்திருக்கக் கூடும் என்று நியாயமாக எண்ண வைக்கும் அளவு போதும். ஆனால் எதிர்மாறான நிலைமை நமக்குப் பெரிதும் அனுகூலமானது. ஓட்டுநர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால், அந்தத் தீர்ப்பு நகல் ஒன்றே கம்பெனி வக்கீலுடைய வாதத்தில் பாதியை அடைத்துவிடும்.

ஓட்டுநரைக் குறுக்கு விசாரணை செய்வதில் சீனியர் ஒரு கிரமத்தைக் கடைப்பிடித்தார். வேகத்தைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார். கேட்டால் முப்பது கிலோமீட்டர் என்றுதான் பதில் வரும். முதன்முதலில் அந்த ஆளை எத்தனை அடி தூரத்தில் பார்த்தாய் என்பதுதான் அவருடைய கேள்வி. “திடீர்னு குறுக்க வந்துட்டாருங்க ஐயா” என்பது வழக்கமான மறுமொழி. பார்க்கவே இல்லையா என்று மீண்டும் கேட்பார். பார்க்கவில்லை என்றால் நேரான சாலையில் எதிரே வருவதைப் பார்க்காமல் ஓட்டியது அஜாக்கிரதை. நூறடிக்கு அப்பாலேயே பார்த்தேன் என்றால், பார்த்த பிறகும் நிறுத்தாதது ஏன் என்ற கேள்வி எழும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 55 அடியைக் கடந்துவிடும் என்ற கணக்கை அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஸ்கெட்சில் கண்ட பிரேக் தடத்தின் நீளத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவார். ஆய்வாளருடைய ரிப்போர்ட்டின் கடைசி வரியில், வாகனத்தின் இயந்திரக் கோளாறு எதனாலும் இவ்விபத்து நேரவில்லை என்று கண்டிருக்குமாகில், பிரேக் பிடிக்கவில்லை என்ற சமாதானத்துக்கும் வழி அடைபட்டுவிடும்.

பிரேக் தடம் இருப்பது ஒரு சாட்சியம் என்றால், இல்லாதிருப்பது அதைக் காட்டிலும் பெரிய சாட்சியம். விடியற்காலையில் நிகழும் கார் விபத்துக்கள் பலவற்றில் ஸ்கெட்சில் தடமே காணப்படுவதில்லை. வண்டி நேரே சென்று பாலத்துக் கைப்பிடிச் சுவரிலோ புளியமரத்திலோ முன்னே போகும் லாரியிலோ மோதியிருக்கும். விழித்திருந்தவன் எவனும் கடைசி நொடியிலாவது பிரேக்கை மிதிப்பான். ஆகையால் அது நித்திரையின் அடையாளம். (இப்போதைய கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி ஏற்பாடு இருப்பதால் தடம் முன்போல் அழுத்தமாக விழுவதில்லை, அதையும் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது.)

ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக் குடும்பமொன்று, திருப்பதி சென்று தரிசனம் முடித்து, தங்க மனமின்றி இரவோடு இரவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. காருக்குச் சொந்தக்காரரும் ஓட்டியவரும் அந்த அம்மாளுடைய தம்பி. முன்னால் அமர்ந்திருந்த அவளுடைய கணவர் பாடாலூருக்கு அருகே நிகழ்ந்த மோதலில் காலமானார். அந்த அம்மாள் என்னிடம் வந்தபோது கேட்ட முதல் கேள்வி, “கூடப் பொறந்தவன் மேல தப்புன்னு நான் எப்படி மாமா கோர்ட்ல சொல்றது?” என்பது. சட்டம் அவளிடம் கேட்பது அதைத்தான். ஓட்டியவன் அஜாக்கிரதையாக இருந்தான் என்று சொன்னால்தான் கம்பெனி பணம் தரும். அவன் மீது குற்றமில்லை என்று தம்பியைக் காப்பாற்றினால் அவளுடைய இரு குழந்தைகளுக்கு ஒன்றும் கிடையாது. பணம் கொடுக்கப்போவது தம்பி அல்ல, கம்பெனிதான் என்பதை அவளுக்கு விளக்கவே பல நாள் பிடித்தது. கம்பெனி வக்கீலோ, அக்காளும் தம்பியும் கூடிப் பேசிக்கொண்டு போட்ட வழக்கு என்று ஆட்சேபித்தார். இறுதியில் தம்பியே கூண்டில் ஏறி, முதல் நாள் காலையிலிருந்து தான் உறங்கவில்லை என்பதையும், உளுந்தூர்பேட்டையில் டீ குடித்ததற்குப் பிறகு நடந்தது எதுவும் தன் ஞாபகத்தில் இல்லை என்பதையும் அழாமல் சொன்னார். அந்த வழக்கில் அவார்டு கிடைத்தது. கிடைத்ததற்கு மற்றொரு காரணம், அவர் எடுத்திருந்தது பேக்கேஜ் பாலிசி என்பது. சட்டத்துக்காக மட்டும் எடுக்கிற குறைந்த பிரீமியம் பாலிசியில், சொந்தக் காரில் உடன் பிரயாணம் செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக அதை வாங்கிக்கொண்டு மனைவி மக்களை ஏற்றிச் செல்கிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

குற்றத்தை நிரூபிக்காமலே சிறிதளவு பணம் பெறும் வழியும் காலக்கிரமத்தில் வந்தது. 1982-இல் மரணத்துக்கு 15,000 ரூபாய் என்று ஆரம்பித்த அந்த ஏற்பாடு 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 25,000 ஆகி, 1994-இல் 50,000 ஆயிற்று. அவ்வருஷமே வயதையும் வருமானத்தையும் கொண்டு அட்டவணைப்படி கணக்கிடும் 163-ஏ பிரிவும் வந்தது. 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதற்குப் பதிலாக, மரணத்துக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்ற பிரிவு அமலில் இருக்கிறது. இவை ஏழைகளுக்குப் பெரிய உபகாரம்தான் என்றாலும், முழு நஷ்டஈடு வேண்டுமென்றால் அஜாக்கிரதையை நிரூபிக்கும் பழைய பாதையிலேயே நடந்தாக வேண்டும்.

பஸ் வழக்குகளுக்கு வேறு சுபாவம். திருவானைக்காவல் நிறுத்தத்தில் கீரைக்கட்டுக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இருந்தபோது கண்டக்டர் விசில் கொடுத்துவிட, பஸ் நகர்ந்து, இடுப்பெலும்பு முறிந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஏற முயன்று விழுந்தார் என்பது எதிர்த் தரப்பு வாதம். ஏற முயன்றவரிடம் டிக்கெட் இருக்க நியாயமில்லை. ஆனால் அவருடைய சுருக்குப் பையில், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே, மடித்து வைத்த டிக்கெட் இருந்தது. அதன் வரிசை எண் கண்டக்டருடைய இன்வாய்ஸில் முந்தைய ஸ்டேஜில் விற்றதாகக் கண்டிருந்தது. அதற்கு மேல் அவ்வழக்கில் பேச ஒன்றுமில்லை. அவார்டுத் தொகை வராமற்போகவே நிறைவேற்று மனு போட்டு, அமீனா சென்று பஸ்ஸை ஜப்தி செய்து கோர்ட் வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் பணம் டெபாசிட் ஆயிற்று. பஸ் ஜப்தி என்று செய்தி வரும்போது மக்கள் வேடிக்கையாகப் படித்துவிட்டுப் போகிறார்கள்; அதற்குப் பின்னால், ஜெயித்த பிறகும் தொகைக்காக வருஷக்கணக்காக நடந்த ஒரு விதவையோ ஊனமுற்றவரோ இருக்கிறார் என்பதை நினைப்பவர் குறைவு.

சேதத்தை நிரூபிப்பது அஜாக்கிரதையை நிரூபிப்பதைக் காட்டிலும் எளிது என்று எண்ணுவது தவறு. திருச்சி நகரம் ஒரு காலத்தில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. தெருத் தெருவாக வீடுகளில் அந்தச் சாணைச் சக்கரங்கள் சுழன்றன. அத்தொழிலாளி ஒருவருக்குப் பாலக்கரையில் ஆட்டோ ரிக்ஷா மோதி வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமற்போயின. ஊனம் இருபது சதவிகிதம் என்று டாக்டர் சான்று கொடுத்தார். இருபது சதவிகித வருமானமே நஷ்டம் என்று கம்பெனி கணக்குப் போட்டது. நீதிபதியின் அனுமதியோடு, மெழுகில் கல்லைப் பதித்துப் பிடிக்கும் குச்சி ஒன்றை அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைப் பிடிக்க முயன்றார். குச்சி நழுவி மேஜை மீது விழுந்தது. குனிந்து எடுத்து இடக்கையால் வலக்கை விரல்களுக்கு நடுவே செருகிப் பார்த்தார், அது மீண்டும் நழுவிற்று. வேண்டாம், போதும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். உடலில் ஊனம் எவ்வளவு என்பது வேறு, தொழிலில் ஊனம் எவ்வளவு என்பது வேறு என்பதைச் சுப்ரீம் கோர்ட் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் விரிவாக வகுத்துச் சொல்லியிருக்கிறது. அதற்கு நெடுங்காலம் முன்பே அந்தத் தொழிலாளியின் விரல்கள் அதைச் சொல்லிவிட்டன.

வருமானத்துக்கு ரசீது இல்லாதவர்களின் நிலைமை இன்னும் பரிதாபம். அம்மாமண்டபத்தில் தர்ப்பணம் செய்து வைப்பவர், பூக்கட்டுகிறவள், கல்யாணங்களுக்குச் சமைக்கச் செல்கிற பரிசாரகர், வாழைத்தார் சுமக்கிறவர் ஆகியோர் எவரிடமும் சம்பளச் சீட்டு இருக்காது. வீட்டுக் காரியத்தைத் தவிர வேறொன்றும் செய்யாத பெண்மணி இறந்துபோனால் என்ன நஷ்டம் என்று கேட்ட காலமும் இருந்தது. 1994-ஆம் வருஷத்து அட்டவணையே அவளுடைய வருமானத்தைக் கணவனுடைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக மதித்தது. அது அநியாயம் என்று நான் அப்போதே எண்ணினேன். 2010-இல் சுப்ரீம் கோர்ட்டும் இல்லத்தரசியின் உழைப்பை இவ்விதம் மதிப்பதைக் கண்டித்தது. கணக்கிடும் முறையும் கோர்ட்டுக்குக் கோர்ட் வேறுபட்டிருந்தது. 1993-இல் சுசம்மா தாமஸ் வழக்கும், 2009-இல் சரளா வர்மா வழக்கும், 2017-இல் பிரணாய் சேத்தி வழக்கும் வந்த பிறகுதான் சீராயிற்று. இன்று மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்த முப்பத்திரண்டு வயது ஆட்டோ ஓட்டுநர் மனைவியையும் இரு குழந்தைகளையும் தாயாரையும் விட்டு இறந்தால், எதிர்கால உயர்வுக்காக நாற்பது சதவிகிதம் கூட்டி 16,800, அதில் அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு நீக்கி 12,600, வருஷத்துக்கு 1,51,200, அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16 ஆகையால் 24,19,200 ரூபாய். இந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்த எவரும் தாமே போட்டுப் பார்க்கலாம்; ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, நினைவு தெளியாத நோயாளியிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிற இடைத்தரகர் சொல்லும் தொகையை நம்பிவிட வேண்டியதில்லை. அப்படி வந்தவர்களின் வழக்குகளில் சில, தானாக வழுக்கி விழுந்ததைக் கார் மோதியதாக மாற்றி எழுதப்பட்டவையாக இருந்ததையும் கண்டிருக்கிறேன்; ஏ.ஆர். காப்பியில் டியூட்டி டாக்டர் முதலில் எழுதிய ஒரு வரி அவற்றையெல்லாம் வெளிப்படுத்திவிடும். பொய் வழக்கு ஒவ்வொன்றும் அடுத்து வருகிற மெய் வழக்கைச் சந்தேகிக்க வைக்கிறது என்பதே அதனால் விளையும் பெருங்கேடு.

விபத்துக்களின் தன்மையும் என் கண்ணெதிரே மாறிவிட்டது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இருவழிச் சாலையில் ஒன்றை ஒன்று முந்தும்போது நேருக்கு நேர் மோதுவதும், விளக்கில்லாத சைக்கிளிலும் கட்டை வண்டியிலும் லாரி இடிப்பதுமே பெரும்பான்மை. சென்னை சாலை நான்கு வழியான பிறகு நேருக்கு நேர் மோதல் குறைந்தது. ஆனால் அச்சாலை சிறுகனூர் போன்ற ஊர்களை நடுவே பிளந்துவிட்டது. ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் வயலுமாகப்போன குடியானவன், சாலை நடுவிலுள்ள இடைவெளி தூரமாக இருப்பதால் எதிர்த்திசையிலேயே மொபெட்டை ஓட்டி வருகிறான். அல்லது தடுப்பின் மீது ஏறிக் குறுக்கே கடக்கிறான். சட்டம் அவன் மீதும் ஒரு பங்கு குற்றத்தைச் சுமத்தத்தான் செய்கிறது. ஆனால் சாலையை வகுத்தவர்கள் அவன் தினந்தோறும் எப்படி வயலுக்குப் போவான் என்று நினைத்துப் பார்த்தார்களா என்பதை எந்தத் தீர்ப்பாயத்திலும் கேட்க முடிவதில்லை. மாசி, பங்குனியில் சமயபுரத்துக்கு இரவெல்லாம் பாதயாத்திரை வருகிறவர்களை இடித்துவிட்டு நிற்காமற்போகும் வண்டிகளும் உண்டு. வண்டி இன்னதென்று தெரியாத அத்தகைய மரணங்களுக்கு முன்பு 25,000 ரூபாய்தான் கிடைத்தது. 2022 ஏப்ரலிலிருந்து இரண்டு லட்சம். அதற்குத் தீர்ப்பாயத்துக்கு வர வேண்டியதில்லை, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

சாட்சியத்தின் ரூபமும் மாறிற்று. கடை வாசலில் இருக்கும் சி.சி.டி.வி. காமிரா பொய் சொல்வதில்லை; ஆனால் சில வாரங்களுக்குள் பழைய பதிவின் மீதே புதியது பதிந்து அழிந்துவிடும். பதினாறாம் நாள் காரியம் முடித்து, பிறகு ஆர அமர வக்கீலைத் தேடி வரும்போது அது இருப்பதில்லை. துக்க வீட்டிலிருந்து யாரேனும் ஒருவர், மைத்துனரோ சித்தப்பாவோ, முதல் வாரத்திலேயே போய் அதைப் பிரதி எடுத்து, எடுத்தவருடைய சான்றிதழோடு போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். காலவரம்பும் திரும்ப வந்திருக்கிறது. 1994-இல் நீக்கப்பட்ட ஆறு மாத வரம்பு, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி 2022 ஏப்ரல் முதல் மறுபடியும் சட்டத்தில் ஏறியிருக்கிறது. கல்வியும் துணையுமற்ற ஏழைகளுக்கு இது கொடிய வரம்பு என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆயினும் சட்டம் மாறும் வரையில், விபத்து நடந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுவதே விவேகம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

இவ்வளவுக்கும் மேலாக, காமிரா இல்லாத சாலைகளே இந்நாட்டில் அதிகம். அங்கே மனிதனுடைய கண் ஒன்றுதான் சாட்சி. என்னிடம் வந்து தோற்ற வழக்குகளில் பெரும்பாலானவை, பார்த்தவர் பலர் இருந்தும் சொல்ல வந்தவர் ஒருவரும் இல்லாததனால் தோற்றவை. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய நாளில் அது வாஸ்தவமாகவே இருந்தது. இப்போது அடிபட்டவருக்கு உதவுகிறவர்களுக்குச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி போலீஸார் அவர்களை நிர்ப்பந்திக்கலாகாது. தாமாக முன்வந்து சாட்சி சொல்ல இசைந்தால், அவருக்குச் சௌகரியமான இடத்திலும் நேரத்திலும் விசாரிக்க வேண்டும். ஆகையால் இதைப் படிக்கிறவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். நீங்கள் செல்லும் வழியில் விபத்து நேர்ந்து, அடிபட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, வண்டியின் எண்ணையும், அது எந்தத் திசையிலிருந்து எந்தப் பக்கமாக வந்தது என்பதையும், மணியையும் ஒரு காகிதத்தில் எழுதி, உங்கள் பெயரோடும் டெலிபோன் நம்பரோடும் அந்தக் குடும்பத்தாரில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.